கோமாலாவில் யார் பேசுகிறார்கள்?

நவீனத்துவ நாவல் என்றதும் ஜாய்ஸ், வுல்ஃப் என்று தொடங்கி, மற்ற தேசங்களை அந்த வரிசையின் கடைசியில் ஒட்டுவது நம் வகுப்பறைகளின் வழக்கம். மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ 1955இல் வெளியிட்ட ‘பெத்ரோ பாராமோ’ அந்த வரிசைக்குள் அடங்காது.

சாகக் கிடந்த தாய்க்குக் கொடுத்த வாக்குப்படி, முகமறியாத தகப்பனான பண்ணையார் பெத்ரோ பாராமோவைத் தேடி ஹுவான் பிரெசியாதோ கோமாலாவுக்கு வருகிறான். கோமால் என்றால் மெக்சிகோக்காரர்கள் சோள ரொட்டி சுடும் கல். ஊரும் அப்படித்தான் கொதிக்கிறது. அங்கே செத்து நரகம் போனவர்கள்கூடப் போர்வை எடுக்கத் திரும்பி வருவார்களாம். வழித்துணையாக வரும் கழுதைக்காரன் அபுந்தியோ சொல்கிறான். நாம் அதை வேடிக்கைப் பேச்சென்று தாண்டிவிடுகிறோம்.

நடுவழியில் தரை விலகுகிறது. கதைசொல்லியான பிரெசியாதோ புதைகுழியில் கிடக்கிறான். அவன் கைவளைவுக்குள் தொரோத்தேயா என்ற கிழவி ஒடுங்கியிருக்கிறாள். மேலே மண்ணில் மழை அறைகிறது. இத்தனை நேரமும் அவன் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். நாம் ஒட்டுக்கேட்டோம், அவ்வளவே.

வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’யில் (1925) மனம் எங்கே அலைந்தாலும் பிக் பென் மணியோசை அதை லண்டனின் ஒரு ஜூன் நாளுக்குள் இழுத்துவந்துவிடும். கோமாலாவிலும் மணி அடிக்கிறது. பாராமோ உயிராய் நேசித்த சுசானா இறந்ததும் அடிக்கத் தொடங்கிய மணி நாள்கணக்கில் ஓயவில்லை. அக்கம்பக்கத்து ஜனம் திருவிழா என்று நினைத்துத் திரண்டுவிட்டது. துக்க வீட்டு ஊரில் கூத்தும் குடியும். பண்ணையார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், ஊர் பட்டினியில் செத்தது. அங்கே மணி காலம் காட்டும். இங்கே காலத்தையே நிறுத்திவிட்டது.

இதில் அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னரின் சாயலைத் தேடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் அக்கறையில்லை. ருல்ஃபோ ஹலிஸ்கோ மாநிலத்தில் 1917இல் பிறந்தவர். ஆறு வயதில் தகப்பன் கொலையுண்டார். 1927இல் தாயும் போனார். 1926 முதல் 1929 வரை, அரசுக்கு எதிராகக் கத்தோலிக்கர்கள் எழுந்த கிறிஸ்தேரோ கலகம் அந்த வட்டாரத்தைச் சூறையாடியது. சிதறிய வடிவத்தை இவர் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை.

பாடம் நடத்தும்போது ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்வேன்: பேசுபவர் உயிரோடிருந்தால் ‘உ’, இல்லையென்றால் ‘இ’. முதல் ‘உ’ அபுந்தியோவுக்கு விழும். சில பக்கங்களிலேயே தங்க இடம் தரும் பெண்மணி, அபுந்தியோவா, அவன்தான் செத்துப்போனானே என்கிறாள். வகுப்பில் ரப்பர் தேடும் சத்தம் கேட்கும்.