வரும் நேரம் தவறியவர்கள்: ‘ரைஸ் ஆஃப் த கார்டியன்ஸ்’ படமும் குழந்தைமையின் நாட்டார் உருவங்களும்

2012ஆம் ஆண்டின் இறுதியில் திரைக்கு வரவிருந்த ஓர் அனிமேஷன் படத்தின் விளம்பரங்களில் கிறிஸ்துமஸ் தாத்தா இரண்டு கைகளிலும் வாள் ஏந்தி நின்றார். முன்னங்கைகளில் பச்சை குத்தியிருந்தது: ஒன்றில் ‘குறும்பர்’, மற்றொன்றில் ‘நல்லவர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். ஈஸ்டர் முயல் ஆறடி உயரத்தில் பூமராங் வீசியது. அதே ஆண்டு மே மாதம்தான் ‘தி அவெஞ்சர்ஸ்’ வெளியாகியிருந்தது. ஆகவே டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் ‘ரைஸ் ஆஃப் த கார்டியன்ஸ்’ படத்தைக் குழந்தைகளுக்கான அவெஞ்சர்ஸ் என்று பலரும் எதிர்பார்த்தது இயல்பே. பழைய பாட்டிக் கதை உருவங்களைப் பிடித்து வந்து சாகசக் குழுவாக்கி விட்டார்கள் என்ற குறையும் அதை ஒட்டியே எழுந்தது. எதிர்பார்ப்பு, குறை இரண்டுமே படத்தின் தோலை மட்டும் பார்த்தவை என்பது என் கருத்து. இந்தப் படத்தின் உண்மையான பொருள் சாகசம் அன்று, காத்திருத்தல். நாட்டார் உருவம் ஒன்றுக்கு உடையும் முகமும் பிறகு வந்து சேர்பவை. அதற்காக ஒரு குழந்தை காத்திருக்கும் இரவு அவற்றுக்கு முந்தியது. படத்தை ஆக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. படத்தை விற்றவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

படத்தின் மூலம் அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான வில்லியம் ஜாய்ஸின் ‘த கார்டியன்ஸ் ஆஃப் சைல்டுஹுட்’ நூல்வரிசை. இந்த உருவங்கள் ஒருவரையொருவர் அறிவார்களா என்று மகள் கேட்டதில் தொடங்கிய கற்பனை அது. அந்த மகள் மேரி கேத்தரின் 2010இல் இறந்தாள். படம் அவளுக்குக் காணிக்கை ஆக்கப்பட்டது. வரிசையின் முதல் நூலான ‘த மேன் இன் த மூன்’ 2011இல் வெளிவந்தது. அதாவது படத்துக்கான எதிர்பார்ப்பை நூல்கள் ஓராண்டுக்கு முன்பே உழுது வைத்தன. இயக்கியவர் பீட்டர் ராம்சி. பெரும் பொருட்செலவிலான கணினி அனிமேஷன் படம் ஒன்றை இயக்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். கியெர்மோ டெல் டோரோ நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். ஒளியமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ். படத்தில் இருள் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு இவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சுவீடன் நாட்டு வழக்காற்றியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் சிடோ 1930களில் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். சமூகம் உண்மையாகவே நம்பும் தெய்வமும் பேயும் ஒரு வகை. பெரியவர்கள் நம்பாமல் குழந்தைகளிடம் மட்டும் சொல்லி வைக்கும் உருவங்கள் இன்னொரு வகை. கிணற்றடிக்குப் போனால் பிடித்துக்கொள்ளும், கதிர் விளைந்த வயலுக்குள் இறங்கினால் தூக்கிப் போகும் என்கிற பூச்சாண்டிகள் எல்லாம் இரண்டாம் வகை. இவற்றை அவர் ‘ஃபிக்ட்’ என்றார். தமிழில் புனைவுரு எனலாம். வயல் தேவதைகளை எல்லாம் பண்டைச் சமயத்தின் எச்சம் என்று கருதிய மான்ஹார்ட்டை மறுப்பதற்காகவே அவர் இந்தக் கருவியைச் செய்தார். ஆனால் அது அச்சுறுத்தும் உருவங்களோடு நிற்பதில்லை. பரிசு கொண்டுவரும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் புனைவுருவே. அச்சுறுத்தும் புனைவுருவுக்கு ஓர் இடம் வேண்டும்: கிணறு, வயல், கட்டிலின் அடி. பரிசு தரும் புனைவுருவுக்கு ஒரு நேரம் வேண்டும்: டிசம்பர் 24 இரவு, ஈஸ்டர் விடியல், பல் விழுந்த நாள். இந்த இடம், நேரம் என்னும் பிரிவினை ஃபான் சிடோவினுடையது அன்று, நான் சேர்ப்பது. படத்தை அணுக இது உதவும்.

நேரம் எவ்வளவு அடிப்படையானது என்பதற்குப் பல்தேவதையே சான்று. அவளுக்கு வயது மிகக் குறைவு. அச்சில் இதுவரை காட்டப்படும் மிகப் பழைய குறிப்பு 1908ஆம் ஆண்டுச் சிகாகோ நாளிதழ் ஒன்றின் வீட்டுக்குறிப்புப் பகுதியில் இருக்கிறது. அதற்குச் சற்று முன், 1894இல், ஸ்பெயினில் லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் எட்டு வயது அரசன் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவுக்காகப் பெரேஸ் என்னும் எலியின் கதையை எழுதினார். பிரான்சிலும் பல்லை எடுத்துப் போவது சுண்டெலிதான். படம் இதை மறக்கவில்லை. தலையணைக்கடியில் பல்லெடுக்க வந்த எலியைக் குட்டித் தேவதை ஒன்று பாய்ந்து பிடிக்க, அது நம்மவர், ஐரோப்பியப் பிரிவில் வேலை செய்கிறது என்று பல்தேவதை விலக்கி விடுகிறாள். திரையரங்கில் சிரித்துக் கடந்து போகும் இந்த நொடியில் ஒப்பீட்டு வழக்காற்றியலின் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. உருவம் நாட்டுக்கு நாடு மாறும். விழுந்த பல்லுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது மாறாது.

நம்மூரில் பாற்பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தோம். எறிந்ததோடு சரி. யாரும் வந்து எடுக்கவில்லை, காலையில் காசும் இல்லை, அந்த இரவுக்குத் தனி மதிப்பும் இல்லை. சடங்கு இருந்தது, காத்திருப்பு இல்லாததால் உருவம் பிறக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜாய்ஸின் நூலில் பல்தேவதையின் பூர்விகம் மகாராஜாக்களும் யானைகளும் உலவும் இந்தியச் சாயல் கொண்ட ஒரு நாடு. அவள் தாயின் பெயர் ரஷ்மி. படத்தில் அவளுடைய மாளிகையும் கீழைத்தேயக் கோபுரங்களால் ஆனது. நம்மிடம் இல்லாத தேவதைக்கு நம் பக்கத்து அரண்மனையைக் கொடுத்திருக்கிறார்கள்.

சாண்ட்மேன் என்னும் மணல் மனிதனிடம் படம் செய்திருப்பது இன்னும் நுட்பமானது. ஹோஃப்மான் 1816இல் எழுதிய கதையில் அவன் கொடியவன்: தூங்காத பிள்ளைகளின் கண்ணில் மணலை வீசி, தெறித்து விழும் கண்களைத் தன் குஞ்சுகளுக்கு இரையாகக் கொண்டுபோகிறவன். ஃபிராய்டின் 1919ஆம் ஆண்டுக் கட்டுரையால் அந்தக் கதை உளப்பகுப்பாய்விலும் நிலைத்தது. கால் நூற்றாண்டு கழித்து ஆண்டர்சனின் ஓலே லுக்கோயேவிடம் அதே வேலை கனிவானதாகிறது. நல்ல பிள்ளைகளுக்குப் படம் போட்ட குடையை விரித்துக் கனவு தருகிறான். தூக்கம் கொண்டுவருபவனுக்கு இரண்டு முகங்கள் இருந்தன என்பது இதிலிருந்து தெளிவு. படம் அந்த இரண்டையும் இரு ஆட்களாகப் பிரிக்கிறது. பொன்மணலால் கனவு பின்னும், வாய் பேசாத சாண்டி ஒருவன். அதே மணலைத் தொட்டுக் கறுப்பாக்கிக் கெட்ட கனவுகளாக மாற்றும் பிட்ச் இன்னொருவன். பிட்ச் நமக்குப் புதியவனல்ல, பூச்சாண்டிதான். அவன் குகைக்குள் இறங்கும் வழி, காட்டுக்குள் கிடக்கும் ஒரு பழைய உடைந்த கட்டிலின் அடியில் இருக்கிறது. அச்சுறுத்தும் உருவத்துக்கு இடம் வேண்டும் என்று முன்பு சொன்னேனே, அந்த இடத்தை அவன் தன்னோடு தூக்கிக்கொண்டு அலைகிறான். அவனுடைய படை கறுப்புக் குதிரைகள். இது சிலேடை. கெட்ட கனவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதிக்குப் பெண்குதிரை என்ற பொருளும் கேட்கும். ஆனால் சொல்லின் வேரில் குதிரை இல்லை. தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி உட்காரும் ஆவிதான் இருக்கிறது, நம் அமுக்குவான் பேயைப் போல.

இனிக் கதையின் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம். வடதுருவத்தில் ஒரு பெரிய பூகோள உருண்டை. நம்பும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு விளக்கு. விளக்குகளை அணைப்பது பிட்சின் நோக்கம். அதற்கு அவன் எந்தக் குழந்தையையும் கடத்துவதில்லை. படத்தின் காவலர்களான தாத்தா, முயல், பல்தேவதை, சாண்டி ஆகியோரைக் குறித்த நேரத்துக்கு வரவிடாமல் செய்கிறான், அவ்வளவுதான். பற்களையும் குட்டித் தேவதைகளையும் கவர்ந்துகொண்டதால் ஓர் இரவு பல்லெடுக்க ஆள் வரவில்லை. காலையில் தலையணையைத் தூக்கிப் பார்த்த பிள்ளைகள் அதே பல்லைக் காண்கிறார்கள். அடுத்தது ஈஸ்டர். முட்டைகள் நொறுக்கப்படுகின்றன, கூடையோடு வந்த பிள்ளைகள் வெறும் புல்லைத் தேடிவிட்டு, முயல் என்று ஒன்று இல்லவே இல்லை போல என்று திரும்புகிறார்கள். முயல் அவர்கள் எதிரில்தான் நிற்கிறது. அதன் உடலை ஊடுருவி ஒரு குழந்தை நடந்து போகிறது. வாள்வீச்சுகளை எல்லாம் மறந்துவிடலாம், இந்தக் காட்சியை மறக்க முடியாது. புனைவுரு வாதத்தில் தோற்று அழிவதில்லை. ஒரு காலைப்பொழுது தவறினால் போதும். தோல்விக்குப் பின் அந்த ஆறடி வீரன் கையில் அடங்கும் சாதாரண முயல்குட்டி ஆகிவிடுவது வெறும் நகைச்சுவையும் அன்று.

இந்த இலக்கணத்துக்கு வெளியே நிற்பவன் ஜாக் ஃபிராஸ்ட். குளிரையும் உறைபனியையும் ஆளாகப் பேசும் ஆங்கில மரபில் பிறந்தவன். சன்னல் கண்ணாடியில் பெரணி இலைபோல் படரும் பனிக்கோலம் அவன் கைவேலை என்பார்கள். அவனுக்கென்று நாள் இல்லை, பலகாரம் இல்லை, தொங்கவிடும் காலுறையும் இல்லை. குளிர் வரும், போகும். அதற்காக எந்தப் பிள்ளையும் விழித்திருப்பதில்லை. படத்தின் தொடக்கத்தில் ஜேமி என்னும் சிறுவனின் தாய், குளிரில் தொப்பி போடாவிட்டால் ஜாக் ஃபிராஸ்ட் மூக்கைக் கிள்ளுவான் என்கிறாள். அவன் யார் என்று பையன் கேட்க, யாருமில்லை, அப்படிச் சொல்வது ஒரு வழக்கு, அவ்வளவுதான் என்கிறாள். ஜாக் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பெயர் வாயில் இருக்கிறது, ஆனால் எவர் மனத்திலும் வருகை இல்லை. உருவாகாமலே சொல்லாக உறைந்துபோன புனைவுரு அவன். முந்நூறு ஆண்டுகளாக அவனை யாரும் காணவில்லை என்பதற்குப் படம் இதைவிடத் துல்லியமான காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. (வெளியே கடுங்குளிரும் உள்ளே ஈரக்காற்றும் உள்ள ஒற்றைக் கண்ணாடிச் சன்னலில்தான் அந்தக் கோலம் படரும். இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள் பரவிய பின் அது அரிதாகிவிட்டது. ஜாக்கை மறக்கடித்ததில் பிட்சைவிடக் கண்ணாடிக்காரர்களுக்குப் பங்கு அதிகம்.)

படத்தின் உச்சம் ஈஸ்டர் தோல்விக்குப் பிந்திய ஒரு படுக்கையறைக் காட்சி, போர்க்காட்சி அன்று. உருண்டையில் ஒரே ஒரு விளக்கு மிஞ்சியிருக்கிறது, ஜேமியுடையது. அவன் கட்டிலில் உட்கார்ந்து தன் பொம்மை முயலிடம் நியாயம் பேசுகிறான்: இத்தனை நாள் நம்பினேன், ஏதாவது ஓர் அடையாளம் காட்டு. பிறகு காத்திருக்கிறான். பொம்மை பொம்மையாகவே இருக்கிறது. அவன் கைவிடப் போகும் நொடியில் சன்னல் கண்ணாடி வெளுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரல் அதில் ஒரு முட்டை வரைகிறது, அடுத்து ஒரு முயல். முயல் கண்ணாடியை விட்டுத் துள்ளி அறைக்குள் வட்டமிட்டு, பனித்தூளாக உதிர்கிறது. ஒரு துகள் பையனின் மூக்கில் விழுகிறது. அப்போதுதான் தாய் சொன்ன அந்தச் சொல்வழக்கு அவன் நினைவுக்கு வந்து பெயராகிறது. சொன்னதும் ஜாக் கண்ணுக்குத் தெரிகிறான். இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஜேமி காத்திருந்தது முயலுக்கு, வந்தவன் ஜாக். முயலின் பேரில் சேர்ந்திருந்த காத்திருப்பைக் கடன் வாங்கித்தான் ஜாக் உருவம் பெறுகிறான். நாட்டார் உருவங்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று குடியேறுவது வரலாற்றில் இப்படியே நடந்திருக்கிறது. மிராவின் ஆயர் புனித நிக்கோலஸின் திருநாள் டிசம்பர் 6. அன்றைக்குரிய காத்திருப்பு ஒல்லாந்தரின் சின்டர்கிளாஸ் வழியே அமெரிக்காவில் டிசம்பர் 24க்கு நகர்ந்தது. தாமஸ் நாஸ்ட் 1863 முதல் வரைந்த சித்திரங்கள் அதற்குத் தொப்பையும் தாடியும் தந்தன. ஆள் மாறினார், தேதியும் நகர்ந்தது. விழித்திருக்கும் பிள்ளை மட்டும் மாறவில்லை.

இவை எல்லாம் கடைத்தெருவின் உருவாக்கங்கள், இவற்றுக்கு நாட்டார் மரபு என்ற பெயர் எதற்கு என்று கேட்கலாம். வழக்காற்றியலாளர் ரிச்சர்ட் டார்சன் 1950இல் ‘போலி வழக்காறு’ என்ற சொல்லை ஆக்கியதே இத்தகைய சரக்குகளைப் பிரித்து வைக்கத்தான். இந்தப் படத்தை அவர் எந்தத் தட்டில் போட்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய தராசு உருவத்தின் பிறப்புச் சான்றிதழை மட்டுமே நிறுத்தது. சிண்டி டெல் கிளார்க் 1995இல் வெளியிட்ட ஆய்வு, கிறிஸ்துமஸ் தாத்தா, ஈஸ்டர் முயல், பல்தேவதை மூவரையும் குழந்தைகளிடமே கேட்டு ஆராய்ந்தது. பிள்ளைகள் சொன்னதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். சடங்கைத் தாங்களும் சேர்ந்து நடத்துகிறார்கள் என்பது அதில் தெரிகிறது. கடிதம் எழுதுவதும், கலைமானுக்குக் கேரட் வைப்பதும், தூக்கத்தோடு போராடுவதும் அவர்கள் வேலை. பிறப்பு விளம்பரத்தில் நேர்ந்திருந்தாலும் வளர்ப்பு அவர்கள் கையில். படத்தில் பல்தேவதையைப் பார்த்துவிட வேண்டும் என்று டார்ச் விளக்கோடு படுத்துத் தூங்கிப்போகும் ஜேமி, அந்த ஆய்வில் பேசிய பிள்ளைகளில் ஒருவனாக இருக்கலாம்.

காத்திருப்பின் இலக்கணத்தை இவ்வளவு நன்றாக அறிந்த படம் தன் சொந்த வருகையில் நேரம் தவறியது. அமெரிக்காவில் 2012 நவம்பர் 21, நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய தினம் அது வெளியானது. சுவரொட்டியில் கிறிஸ்துமஸ் தாத்தா, தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் அலங்காரம். கதையோ ஈஸ்டரில் நடக்கிறது. 14.5 கோடி டாலர் செலவிட்ட படம் உலகெங்கும் 30 கோடி டாலருக்குச் சற்று மேல் ஈட்டியும், விளம்பரச் செலவும் அரங்குகளின் பங்கும் போகக் கணக்கு நேராகவில்லை. நிறுவனம் நட்டம் எழுதியது. 2013 பிப்ரவரியில் சுமார் 350 பேர் வேலை இழப்பார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. தோல்விக்குத் தேதி ஒன்றையே காரணமாக்குவது மிகை. எனினும் டிசம்பரின் காத்திருப்பைக் கடன் வாங்கி ஏப்ரலின் கதையைச் சொல்ல முயன்றார்கள் என்பதை ஒதுக்கவும் முடியாது. சன்னலில் ஜாக் செய்த அதே வேலை, திரையரங்கில் பலிக்கவில்லை. ஜாக் ஃபிராஸ்ட் என்ற பெயரையே கேட்டிராத நம்மைப் போன்ற நாட்டவருக்கோ, மறு உருவாக்கம் என்பதற்கே பொருளில்லை. முதல் உருவத்தை அறியாதவர்களுக்கு வாள் ஏந்திய தாத்தா ஒரு வியப்பு. பனிக்கோல் ஏந்திய பையன் புதிதாக வந்த ஒரு பாத்திரம், அவ்வளவே.

அந்தப் பையனுக்குத்தான் பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். படம் அரங்கை விட்டுப் போன பின், இணையத்தில் பதின்ம வயதினர் ஜாக்கை எடுத்துத் தங்கள் போக்கில் வளர்த்தார்கள். ‘பிரேவ்’ படத்து மெரிடா, ‘டேங்கில்டு’ படத்து ராபன்ஸல், டிராகன் பழக்கும் ஹிக்கப் ஆகியோரோடு அவனைச் சேர்த்து, எந்த நிறுவனமும் எழுதாத கதைகளை எழுதினார்கள், படம் வரைந்தார்கள். நால்வரும் மூன்று வெவ்வேறு அனிமேஷன் நிறுவனங்களின் படைப்பு. கதை சொன்னவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்டவர்களும் அவர்களே. அது இன்றுவரை வரவில்லை. குளிர்காலம் வரும்போதெல்லாம் நீலச் சட்டையும் வெளுத்த முடியுமாக யாரோ ஒருவர் அவனை மறுபடி வரைந்து போடுகிறார்கள்.