இதயத்தின் மேல் விழுந்த பழி

போன வாரம் எங்கே விட்டோம்? கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஒரு பிள்ளையின் நாடி நழுவிக்கொண்டிருந்த இடத்தில்.

காய்ச்சல். வாயில் புண். உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம். 1997-இல் இதைப் பார்த்து யாரும் பதறவில்லை. ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றுதான் ஆயாக்களும் சொல்வார்கள், டாக்டர்களும் சொல்வார்கள்.

ஆனால் அந்த ஆண்டு சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை.

மருத்துவமனைக்கு வந்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி, இரத்த ஓட்டம் தளர்ந்து, முடிந்துபோனார்கள். இங்கே நான்கு பேர். கடலுக்கு அப்பால் சரவாக்கில் அந்த ஆண்டு ஏறக்குறைய 30 பேர்.

பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் பக்கத்து வாசகர்களுக்கு இது பரவும் விதத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்நாளில், விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு ஓடும் தாய், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். ஒரே பாய், ஒரே பொம்மை, ஒரே எச்சில். இப்படித் தொற்றும் வைரஸுக்கு வேறென்ன வேண்டும்?

சந்தேகம் முதலில் காக்சாக்கி பி என்ற வைரஸ் மேல் விழுந்தது. விழுந்ததில் நியாயமும் இருந்தது. டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் சில்வெஸ்ட் என்ற மருத்துவர் 1930-இல் பார்த்த கூத்து அதன் வேலைதான். நேற்றுவரை நன்றாக இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். மூச்சை இழுத்தால் சுரீர் என்று குத்தும். மாரடைப்பு என்று வீடே அலறும். சில நாளில் அவரே எழுந்து நடப்பார். விலாத் தசையைக் கவ்விவிட்டுப் போய்விடும் வைரஸ் அது. ஆனால் பச்சைக் குழந்தை கிடைத்தால் சில சமயம் இதயத் தசையையே பிடித்துக்கொள்ளும்.

ஆக, குற்றவாளி சிக்கிவிட்டான். இதயம்தான் பழுது!

குழந்தை மருத்துவர் லூசி லம்முக்கு அந்தக் கணக்கு ஒத்துவர வேண்டிய அவசரம் இருந்தது. இதயம் என்றால் ஒரு வைத்தியம், வேறு உறுப்பு என்றால் வேறு வைத்தியம். பக்கம் மாறிப் போனால் அடுத்த பிள்ளையும் தங்காது. விடை பிரேதப் பரிசோதனையில்தான் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் அந்தப் பேச்சை எடுப்பதைவிடக் கொடுமை மருத்துவத் தொழிலில் வேறில்லை என்பேன்.

நோயியல் நிபுணர் கே.டி. வோங்கின் நுண்நோக்கிக்கு அடியில் இதயத் தசை வந்தது. வைரஸ் புகுந்த இதயத்தில் அழற்சி அணுக்கள் மொய்க்க வேண்டும்.

மொய்க்கவில்லை.

இதயம் சுத்தம்.

நுரையீரலோ நீர் கோத்துக் கனத்திருந்தது. இதயம் கெடாமல் நுரையீரல் எப்படி மூழ்கும்?

அடுத்து மூளைத்தண்டு. அங்கே இருந்தது போர்க்களம். பிடரிக்கு மேலே, முகுளத்தில், நரம்பணுக்கள் செத்துக் கிடந்தன. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் ஆளும் இடம் அதுதான். கடலோரத் தோட்டத்தில் மதகுக்காரன் சாய்ந்துவிட்டால் வரப்பு எவ்வளவு பலமாக இருந்து என்ன, வெள்ளம் உள்ளே வரத்தான் செய்யும். நுரையீரலுக்கு நேர்ந்தது அதுவே. பழி மட்டும் இதயத்தின் மேல்.

பிள்ளைகளிடமிருந்து கிடைத்த வைரஸ், காக்சாக்கியின் பங்காளி. எண்டெரோவைரஸ் 71. கலிஃபோர்னியாவில் 1969-இலேயே தலைகாட்டியவன்.

வழக்கு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்.

சரவாக் பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆய்வாளர் ஜேன் கார்டோசா, அந்த மாநிலத்தின் சிபு நகரில் இறந்த பிள்ளைகளின் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அங்கே வளர்ந்து வந்தது இந்தக் குடும்பத்துக்கே சொந்தமில்லாத வேறொருவன். அடினோவைரஸ்!

அப்படியானால் சிபுவின் பிள்ளைகளைக் கொன்றது யார்?

(அடுத்த வாரம்)