பச்சைக் கதவின் சரித்திரம்

நம்மட கிண்ணியா வீடுகளின் உள்கதவுகளை ரெண்டு சாதியாகப் பிரிக்கலாம். ஒன்று, மரத்தின் ரேகை தெரிய வார்னிஷ் அடித்த முதிரைக் கதவு. மற்றது, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் இனாமல் கதவு, அதுவும் பெரும்பாலும் பச்சை. பெருநாள் நெருங்கினாலோ மகளுக்கு வீடு கட்டி முடிகிற கட்டத்திலோ இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: வார்னிஷா, பெயின்டா? "பச்ச அடிச்சாத்தான் ஊடு ஊடு மாதிரி இருக்கும்" என்பது மூத்தவர்கள் கட்சி. "முதிரைக்கு மேல பெயின்ட் அடிக்கிறது பாவம்" என்பது ஓடாவிமார் கட்சி. இந்தச் சண்டைக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது.

ஓடாவிமார் சொல்வதில் நியாயம் உண்டு. நமது மாவட்டம் மரத்துக்குப் பேர்போனது. முதிரை, பாலை, கருங்காலி எல்லாம் இந்த உலர்வலயக் காட்டுப் பிள்ளைகள்தான். சாவண்டலை என்று நாம் சொல்லும் மரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பேரே 'திருகோணமலை மரம்'. சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆள் ஏற்றிய மசூலாப் படகுகளைக் கட்ட அது இங்கிருந்து கப்பலேறிப் போனது. ஒல்லாந்தர் காலத் தளபாடங்களிலும் முதிரையும் கருங்காலியும் முக்கியமான மரங்கள். இப்படிப்பட்ட மரத்தை மூடி மறைக்க ஆருக்கும் மனம் வராது.

ஆனா மூடாமல் விட்டா? உப்புக் காத்து, மழைக்கால ஈரம், கை அழுக்கு. ஏதாவது பூசத்தான் வேண்டும். இந்து சமுத்திரக் கரை நெடுகப் பாய்க்கப்பல்களுக்குச் சுறா எண்ணெய் பூசினார்கள். நாற்றம் தாங்காது, வீட்டுக்குள் சரிவராது. தென்னை நிறைந்த நாட்டில் தேங்காய் எண்ணெய் பூசினால் என்ன என்று கேட்கலாம். அது காயாது. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகித் தோலாகும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை, வருஷம் போனாலும் பிசுபிசுப்புத்தான். அதனால்தான் இத்தனை எண்ணெய் இருக்கிற நாட்டிலேயே வார்னிஷுக்கும் பெயின்டுக்கும் வெளி எண்ணெய் தேவைப்பட்டது.

நம் நாட்டுக்கென்று ஒரு பூச்சு இருந்தது, அரக்கு. பாரதக் கதையில் தீப்பிடித்து எரிந்த மாளிகை செய்யப்பட்ட அதே அரக்குத்தான். மாத்தளைப் பக்கம் ஹப்புவிட ஊரில் கைத்தடிக்கும் பெட்டிக்கும் அரக்கை இளக்கி, நகத்தால் இழுத்து அழுத்திக் கோலம் போடும் தொழில் இன்றும் இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் இந்த அரக்கு வேலையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே அரக்கைச் சுத்தப்படுத்தி ஸ்பிரிட்டில் கரைத்தால் பிரெஞ்சுப் பொலிஷ். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அது பெரிய நாகரிகம். ஆசியாவின் பூச்சி கக்கிய பிசின் ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சுப் பேரோடு நமக்கே திரும்பி வந்தது! அழகுக்கு அதை அடிக்க ஒண்டுமில்ல. ஆனால் சூடான தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அலுமாரிக்குச் சரி, கதவு நிலைக்குச் சரிவராது.

இனாமல் ஜெயித்தது இந்த இடத்தில்தான். 1920களின் கடைசியில் அல்கைட் என்ற செயற்கைப் பிசின் வந்தது. அதில் செய்த பெயின்ட் கெதியாகக் காயும், கடினமாகும், ஈரத் துணியால் துடைக்கலாம். மலிவான பலகையின் குறையையும் மூடிவிடும். முதிரைக்கு அனுமதிப்பத்திரமும் காசும் தேவைப்பட்ட காலத்தில் அது பெரிய உதவி. பாலம் 2009இல் திறக்கும்வரை இந்த டின்களும் நம்மைப் போலப் பாதையிலதான் ஆறு கடந்தன.

பச்சைக்கு வருவம். பழைய பெயின்ட் தொழிலில் மலிவான பச்சை என்பது ரெண்டு நிறத்தின் கலவை: ஈயக் குரோமேற்று என்ற மஞ்சளும் பிரஷ்யன் நீலமும். நன்றாக மூடும், பளிச்சென்று இருக்கும். ஈயமில்லாத நல்ல பச்சை நிறமிகள் 1930களிலேயே கண்டுபிடிக்கப்பட்டன. ஆனாலும் விலை காரணமாக ஈயம் பல நாடுகளில் நீண்ட காலம் டின்னுக்குள் இருந்தது.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல ஏலாது. 1904இலேயே அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லொக்ஹாட் கிப்சன் என்ற கண் வைத்தியர், பிள்ளைகளின் ஈய நஞ்சுக்கு வீட்டுச் சுவரிலும் விறாந்தைக் கம்பியிலும் இருந்த பெயின்ட்தான் காரணம் என்று எழுதிவிட்டார். 1921இல் சர்வதேச தொழில் அமைப்பு கட்டடங்களின் உட்பக்கப் பூச்சில் வெள்ளை ஈயத்தைத் தடுக்க, சில விலக்குகளோடு, ஓர் உடன்படிக்கையே செய்தது. 2009இல் பத்து நாடுகளின் பெயின்டுகளைச் சோதித்த ஆய்வில் இலங்கையும் இருந்தது. சுவருக்கு அடிக்கும் இமல்ஷன் பெரும்பாலும் சுத்தம், பிரச்சினை மரத்துக்கு அடிக்கும் இனாமலில். சுற்றாடல் நீதி மையம் நீதிமன்றம் போனது. நுகர்வோர் அதிகாரசபையின் பணிப்புரை 2011இல் வந்து, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது: இனாமலில் ஈயம் பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் கூடாது, இமல்ஷனில் 90.

இந்தத் திகதியை நம்மட ஊரோடு வைத்துப் பாருங்க. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனது. அதற்குப் பிறகு எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை 2013க்கு முன்னமே கட்டி முடிந்தவை. அந்தக் கதவுகளெல்லாம் இந்தக் கட்டுப்பாடு வருமுன் வாங்கிய டின்னால் அடிக்கப்பட்டவை. எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கதவுகளைத்தான் இப்ப சுரண்டுகிறோம், பெருநாளுக்கு முதல் நாள், காய்ந்த சான்ட் பேப்பரால், பிள்ளைகள் பக்கத்தில் விளையாட. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. பாதிப்புக் கூட சின்னப் பிள்ளைகளின் மூளைக்கு.

அதனால் என் கட்சி இது. பழைய இனாமல் உரியாமல் இறுக்கமாக இருந்தால் சுரண்டாதீங்க, கழுவி, ஈரத்தோடு லேசாக உரசி, மேலேயே புதிசு அடியுங்க. உரிந்திருந்தால் தண்ணி தொட்டுத் தேயுங்க, நெருப்பு வைத்து உரிக்க வேண்டாம். தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்க, பிள்ளைகளை உம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்க. புதுக் கதவென்றால், முதிரைக்கு வார்னிஷ்தான், ஓடாவி சொல்வதே சரி. சாதாரணப் பலகைக்கு இனாமல் அடிக்கலாம், பச்சையே அடிக்கலாம், டின்னில் ஈய அளவு போட்டிருக்கா என்று ஹாட்வெயார் கடையிலேயே திருப்பிப் பார்த்துவிட்டு.