ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கான வழிகாட்டி நூல் தேர்வு: மதங்க சூளாமணியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாடகங்களை ஷேக்ஸ்பியரோடு ஒப்பிடும் ஆய்வுகளில், ஆய்வாளர் கைக்கொள்ளும் வழிகாட்டி நூலே முடிபின் தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கதைச்சுருக்கம், சொல்லடைவு, உரைக்குறிப்புடைய பதிப்பு, நாடகவியல் விளக்கம் ஆகியன வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருவன. ஒன்றன் பணியை மற்றொன்று செய்வதில்லை. விபுலானந்தரின் மதங்க சூளாமணியை இந்நான்கனுள் எவ்விடத்தில் வைப்பது, அதனை எப்போது முதன்மையாகக் கொள்வது என்பதைச் சேலம் – நாமக்கல் சமவெளியின் நாடகச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்

ஷேக்ஸ்பியர், விபுலானந்தர், மதங்க சூளாமணி, மனோன்மணீயம், ஐவகைச் சந்தி, வழிகாட்டி நூல்

முன்னுரை

சேலம் – நாமக்கல் சமவெளியில் ஷேக்ஸ்பியர் மூன்று நிலைகளில் ஆய்வுப்பொருளாகிறார். முதலாவது, கல்லூரிப் பாடம். சேலத்தில் 1857இல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் 1879இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. அதுவே இன்றைய அரசு கலைக் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய கல்லூரிகளில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஆங்கிலப் பாடத்தின் நிலையான பகுதியாக இருந்தது. இரண்டாவது, திரைப்படம். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தைத் தழுவி 1942இல் ‘மனோன்மணி’ என்னும் படத்தை வெளியிட்டது. மனோன்மணீயத்தின் ஐந்து அங்க அமைப்பும் பாத்திர வார்ப்பும் ஷேக்ஸ்பியரோடு ஒப்பிட்டுப் பேசப்படுவன. மூன்றாவது, இவ்வட்டாரத்தில் இன்றும் விடியவிடிய நிகழும் தெருக்கூத்து. அதன் கோமாளி, ஷேக்ஸ்பியரின் அரசவை விகடனோடு ஒப்புநோக்கத் தக்கவன்.

இம்மூன்றில் எதனை ஆய்பவரும் ஏதேனும் ஒரு வழிகாட்டி நூலின் துணையோடுதான் ஷேக்ஸ்பியரை அணுகுகிறார். அத்துணை தவறாகத் தேர்ந்தெடுக்கப்படுமாயின், தமிழ் நாடகாசிரியர் தாமே புனைந்தது கடனாகக் கணக்கிடப்படும். கடனாகப் பெற்றது புனைவாகப் போற்றப்படும். வழிகாட்டித் தேர்வை நூலகப் பட்டியல் சார்ந்த சிறு செய்தியாகக் கருத இயலாமைக்குக் காரணம் இதுவே.

கதைச்சுருக்கம் வழிகாட்டியாகுங்கால்

சார்லஸ் லாம், மேரி லாம் ஆகியோர் 1807இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் கதைகள் இளையோருக்காக எழுதப்பட்டவை. இருபது நாடகங்களே அதில் இடம்பெற்றன. இங்கிலாந்து வரலாற்று நாடகங்களும், ஜூலியஸ் சீசர் முதலான உரோம நாடகங்களும் அதில் இல்லை. இந்திய மாணவர் பலருக்கு ஷேக்ஸ்பியர் இந்நூல்வழியே முதலில் அறிமுகமானார். தமிழில் கா. அப்பாத்துரையார் எழுதிய சேக்சுபியர் கதைகள் போன்ற உரைநடை நூல்கள் இவ்வகையான வாசிப்பைத் தமிழ் மட்டும் அறிந்தோருக்கும் விரித்தன.

இவ்வகை நூல்களின் பயன் பெரிது. ஆயின் ஒப்பாய்வுக்கு அவை அடிப்படையாக மாட்டா. வெனிஸ் வணிகன் கதையைச் சொல்லும் லாம் நூல், மூன்று பேழைகளுள் ஒன்றைத் தெரிந்து மணமுடிக்கும் பகுதியை முற்றிலும் விட்டுவிடுகிறது. லியர் மன்னன் கதையில் குளோஸ்டர் பிரபுவின் கிளைக்கதை தனித்து வளர்வதில்லை; எட்மண்ட் இறுதிப்பகுதியில் சில வரிகளில் வந்து மறைகிறான். மக்பெத்தில் மனைவி உறக்கத்தில் நடந்து தன் குற்றத்தை வெளிப்படுத்தும் காட்சியும், வாயிற்காவலன் காட்சியும் இல்லை. புயல் நாடகத்தில் ஸ்டெபானோ, டிரிங்குலோ ஆகியோரின் நகைச்சுவைச் சதி இடம்பெறுவதில்லை. பன்னிரண்டாம் இரவில் மால்வோலியோ காணப்படுவதில்லை.

இந்த விடுபாடுகள் ஆய்வாளருக்கு ஒரு சோதனைக் கருவியும் ஆகின்றன. ஒரு தமிழ்த் தழுவலில் பேழைத் தேர்வு இடம்பெற்றிருப்பின், அதன் ஆசிரியர் லாம் கதையை மட்டும் கொண்டு எழுதவில்லை என்பது தெளிவு. கிளைக்கதை இல்லாத லியர் தழுவல் கிடைப்பின், அதனை உடனே தழுவியவரின் சுருக்கத் திறன் என்று கொள்ளலாகாது. அவர் கையிலிருந்த நூலிலேயே அது சுருக்கப்பட்டிருக்கலாம். ஆகவே லாம் நூல் ஷேக்ஸ்பியரை அறிவதற்குரிய வழிகாட்டி என்பதைவிட, தமிழ்த் தழுவல்களின் மூலத்தைத் துப்புத்துலக்கும் சான்றாகவே ஆய்வுக்கு மிகுதியும் பயன்படுவது.

பம்மல் சம்பந்த முதலியாரின் அமலாதித்தன், மகபதி, வாணிபுர வணிகன், நீ விரும்பியபடியே, சிம்ஹளநாதன் ஆகிய ஐந்தையும் ஆய்வோர் இச்சோதனையைக் காட்சிதோறும் மேற்கொள்ளுதல் வேண்டும். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ இங்கு மற்றொரு துணைநூலாகிறது. 1891இல் தோன்றிய சுகுணவிலாச சபையின் மேடைத் தேவைகள், நடிகரின் இயல்பு, அவையோரின் வரவேற்பு ஆகியவற்றை அது பதிவு செய்கிறது. ஒரு மாற்றம் மூலநூலால் நேர்ந்ததா, மேடையால் நேர்ந்ததா என்று பிரித்தறிய இத்தகைய மேடைக்குறிப்பு இன்றியமையாதது.

சொல்லும் பாடமும்

இரண்டாம் வகை வழிகாட்டிகள் சொல்லை மையமாகக் கொண்டவை. அபட்டின் ஷேக்ஸ்பியர் இலக்கணம் 1869இலும், அலெக்சாண்டர் ஷ்மிட்டின் சொற்களஞ்சியம் 1874–75இலும், பார்ட்லெட்டின் சொல்லடைவு 1894இலும் வெளிவந்தன. ஆக்ரா கல்லூரி முதல்வராக இருந்த டெய்ட்டன், மாக்மில்லன் நிறுவனத்திற்காக உரைக்குறிப்புடன் பதிப்பித்த தனி நாடகங்கள் இந்திய மாணவரை மனத்திற்கொண்டவை. வெரிட்டியின் கேம்பிரிட்ஜ் பதிப்புகளும் இவ்வகையின. 1899இல் தொடங்கிய ஆர்டன் வரிசை ஆய்வுநிலைப் பதிப்பாக இன்றளவும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

சொல்லடைவு இன்றி அறிய இயலாத செய்திகள் பல. லியர் நாடகத்தின் முதற்காட்சியில் மகள் சொல்லும் ‘ஒன்றுமில்லை’ என்னும் பொருளுடைய சொல், பின்னர் விகடன் வாயிலும் குளோஸ்டர் வாயிலும் மீள வருகிறது. தமிழில் அச்சொல் ஓரிடத்தில் ‘இல்லை’ என்றும், ஓரிடத்தில் ‘வீண்’ என்றும், மற்றோரிடத்தில் ‘சூனியம்’ என்றும் பெயர்க்கப்படுமாயின் அத்தொடர்பு அறுந்துபோகும். மொழிபெயர்ப்பை மதிப்பிடுவோர் அத்தொடர்பை அறிந்திருந்தால்தான் அதன் இழப்பையும் அறிவர்.

பாடவேறுபாடும் கருதத்தக்கது. லியர் நாடகத்தின் 1608ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள ஏறத்தாழ 300 வரிகள் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை. தொகுப்பில் உள்ள ஏறத்தாழ 100 வரிகள் முந்தைய பதிப்பில் இல்லை. கொடிய மகளிரை லியர் கற்பனையில் விசாரணை செய்யும் பகுதி முன்னதில் மட்டுமே உள்ளது. பழைய பதிப்புகள் இரண்டையும் கலந்து தந்தன. எனவே ஒரு தமிழாக்கத்தில் ஒரு பகுதி இல்லை என்று கூறுமுன், மொழிபெயர்த்தவர் எப்பதிப்பைக் கொண்டார் என்று உசாவுதல் வேண்டும். ஓலைச்சுவடிப் பாடங்களை ஒப்புநோக்கிப் பழகிய தமிழ்ப் பதிப்பு மரபினருக்கு இது புதிய நெறியன்று.

மதங்க சூளாமணியின் தனித்தன்மை

மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்தர், 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் விரிவே மதங்க சூளாமணி. சங்கம் அதனை 1926இல் நூலாக வெளியிட்டது. மதங்கர் என்பது கூத்தரைக் குறிக்கும்; கூத்தருள் முடிமணி போன்றவர் என ஷேக்ஸ்பியரை ஆசிரியர் கருதியமை தலைப்பிலேயே புலனாகிறது. அவரைச் செகசிற்பியார் என்றும் அவர் தமிழ்ப்படுத்தினார்.

நூல் உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களால் ஆனது. உறுப்பியல், சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் காட்டும் செய்திகளைக் கொண்டு நாடக உறுப்புகளை வரையறுக்கிறது. எடுத்துக்காட்டியல், ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை விளக்கி, சில பகுதிகளைச் செய்யுளாகப் பெயர்த்துத் தருகிறது. ஒழிபியல், தனஞ்சயரின் தசரூபக முடிபுகளைத் தொகுத்துரைக்கிறது. இவ்வமைப்பே நூலின் நோக்கத்தைக் காட்டும். ஷேக்ஸ்பியரை அறிமுகம் செய்தல் மட்டுமே நோக்கமாயின் முதலியலும் இறுதியியலும் வேண்டப்படா. தமிழ் நாடக இலக்கணத்தை மீட்டமைத்து, அதற்கு இலக்கியமாக ஷேக்ஸ்பியரை நிறுத்துவதே ஆசிரியர் மேற்கொண்ட பணி.

இதன் பயனை ஐவகைச் சந்திகொண்டு விளக்கலாம். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐந்தையும் அடியார்க்குநல்லார் உழவுத்தொழில் உவமையால் விளக்குகிறார். உழுத புழுதியில் இட்ட விதை முளைத்தல், இலைவிட்டு வளர்தல், கருக்கொள்ளுதல், கதிர்முற்றி விளைதல், அறுத்துத் தூற்றிப் பயன் உண்ணுதல் என அது தொடர்கிறது. ஜெர்மானிய அறிஞர் பிரைடாக் 1863இல் வகுத்த ஐந்து அங்கக் கோட்பாடோ, நடுவில் உச்சமும் பின்னர் இறக்கமும் உடைய கோபுர வடிவினது.

மக்பெத்தை இவ்விரு நெறிகளாலும் காணும்போது வேறுபாடு புலப்படும். பிரைடாக் நெறியில் நாடகம் மூன்றாம் அங்கத்தில் உச்சம் தொட்டுப் பின் சரிகிறது. சந்தி நெறியிலோ சரிவு என்பதே இல்லை. சூனியக்காரியர் இட்ட சொல் விதையாகி, கொலையாக வளர்ந்து, அச்சமாகக் கருக்கொண்டு, மேலும் கொலைகளாக விளைந்து, இறுதியில் மக்பெத்தால் துய்க்கப்படுகிறது. அழிவு அவனுக்குப் புறத்திலிருந்து வருவதன்று. அவன் பயிரிட்டதன் அறுவடையே அது. இந்நோக்கு, செயல் பாத்திரத்தின் பண்பிலிருந்து பிறக்கிறது என 1904இல் பிராட்லி கூறிய விளக்கத்தை நெருங்குகிறது. அதேவேளை, ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்னும் சிலப்பதிகார நோக்கோடும் உறவு கொள்கிறது. ஆங்கில வழிகாட்டி எதுவும் தமிழாய்வாளருக்கு இவ்விணைப்பைத் தருவதில்லை.

நூலின் எல்லைகள்

மதங்க சூளாமணியை நோக்கு நூலாகக் கொள்வோர் அதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். வழக்கமாக எண்ணப்படும் முப்பத்தேழு நாடகங்களுள் அது எடுத்துக்கொள்வன பன்னிரண்டே. பாடவேறுபாடு, மூலக்கதை, மேடை வரலாறு ஆகியவற்றைத் தேடுவோர்க்கு அது உரியதன்று. மூலக்கதைக்கு 1957 முதல் 1975 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த புல்லோவின் தொகுப்பும், பொதுச் செய்திகளுக்கு 2001இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு துணைநூலும் ஏற்றவை. பெயர்களைத் தமிழ்ப்படுத்தும் முறையும் தேடலுக்கு இடையூறாகலாம். இரம்மியன் சுசீலை என்பது ரோமியோ ஜூலியட்டைக் குறிப்பது என்று அறியாதவர் அப்பகுதியைக் கண்டடைய இயலாது.

எனினும் இப்பெயராக்கமே வரலாற்றுச் சான்றாகவும் அமைகிறது. ஹாம்லெட்டை அமலாதித்தன் என்றும், மக்பெத்தை மகபதி என்றும் ஒலியொப்புமையால் மாற்றிய பம்மல் சம்பந்த முதலியாரின் முறையும் விபுலானந்தரின் முறையும் ஒரே தலைமுறையின் மொழிநோக்கைக் காட்டுவன.

சமவெளி ஆய்வுகளுக்குப் பொருத்திக் காணல்

முன்னுரையில் குறித்த மூன்று நிலைகளுக்கும் ஒரே வழிகாட்டி பொருந்தாது. மனோன்மணீயத்தின் குடிலனை ஒதெல்லோவின் இயாகோவோடு ஒப்பிடுபவர், இருவரின் தனிமொழிகளையும் ஒப்பிட வேண்டியவர். கதைச்சுருக்கங்களில் தனிமொழி மறைந்து சூழ்ச்சி மட்டுமே எஞ்சும். சூழ்ச்சி அளவில் நோக்கினால் எந்த வஞ்சக அமைச்சனும் இயாகோவே. எனவே இங்கு உரைக்குறிப்புடைய பதிப்பே முதன்மை. சுந்தரம் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நூலுக்கு லிட்டனின் ‘இரகசிய வழி’ என்னும் கதை மூலமாதலால், அதனையும் உடன்வைத்துக் காணாத ஒப்பீடு குறையுடையதாகும். 1942ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் சேர்த்து ஆய்வோர் லிட்டன், சுந்தரம் பிள்ளை, திரைவடிவம் என்னும் வரிசையை நிறுவிய பின்னரே ஷேக்ஸ்பியர் தாக்கத்தைப் பற்றிப் பேச இயலும்.

கூத்தின் கோமாளியை லியரின் விகடனோடு ஒப்பிடுபவருக்கு மதங்க சூளாமணி முதன்மையாகும். சுவையும் சந்தியும் அடிப்படையாக உள்ள நூலே கூத்துக்கும் ஷேக்ஸ்பியருக்கும் பொதுவான அளவுகோலைத் தரவல்லது. மொழிபெயர்ப்பை ஆய்பவருக்கோ சொல்லடைவும் பாடவேறுபாட்டுக் குறிப்பும் முதலில் வேண்டும்.

முடிவுரை

வழிகாட்டி நூலைத் தேர்பவர் முதலில் தம் வினாவை வரையறுத்தல் வேண்டும். அடுத்து, தாம் ஆயும் தமிழ் ஆசிரியர் எந்நூல்வழி ஷேக்ஸ்பியரை அறிந்தார் என்று காணல் வேண்டும். அதன்பின்னரே தமக்குரிய துணைநூலைத் தெரிதல் வேண்டும். இவ்வரிசை மாறினால் ஒப்பீடு இரு கதைச்சுருக்கங்களின் ஒப்பீடாகக் குறுகும். மதங்க சூளாமணி அனைத்துக்கும் விடைதரும் கையேடு அன்று. ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடக இலக்கணத்தால் அளக்க முடியும் என்று செய்துகாட்டிய நூல் என்னும் அளவில், நாடகவியல் வினா எழுப்பும் தமிழாய்வாளர் முதலில் எடுக்க வேண்டிய நூல் அதுவே. எஞ்சிய இருபத்தைந்து நாடகங்களுக்கும் அந்நெறியை விரித்து, அதனோடு தமிழ்ச் சொல்லடைவு ஒன்றையும் இணைக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கும் ஆங்கிலத்துறைகளுக்கும் பொதுவாகக் காத்திருக்கிறது.