பெயரில் நிற்கும் மரங்கள்

கியோட்டோவின் கியோமிசு கோயிலில் வசந்தகால இரவுகளில் செர்ரி மரங்களுக்கு விளக்குப் போடுகிறார்கள். சாமி பார்க்க வருகிறவன் மரத்தையும் பார்த்துவிட்டுப் போகிறான். இரவில் காணும் செர்ரிக்கு ஜப்பானியரிடம் 'யோஸகுரா' என்று தனிச் சொல்லே இருக்கிறது.

நம்மிடமும் மரத்தால் பெயர் பெற்ற தலங்கள் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் பாடிய தில்லையும் திருப்பாதிரிப்புலியூரும் அப்படிப்பட்டவை. இன்றைய சிதம்பரமும் கடலூரும். சிதம்பரத்தில் அர்த்தஜாமத்துக்கு நிற்கும் கூட்டத்தில் தில்லை மரத்தைக் கண்டவர்கள் எத்தனை பேர்? அது உப்பங்கழி மரம். அதன் பால் பட்டால் கண் எரியும். ஊரைச் சூழ்ந்திருந்ததாகச் சொல்லப்படும் வனம் இன்றில்லை. சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே, பிச்சாவரத்துச் சதுப்பில் தில்லை நிற்கிறது. படகில் போகிறவர்கள் அதைச் சுரபுன்னையோடு சேர்த்து ஒரே பச்சையாகப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

பாதிரி, சங்கக் கவிதையில் வேனிலின் பூ. அதன் மணம் புதுப்பானையில் ஏறி, பானையிலிருந்து தண்ணீருக்குச் செல்வதை நாலடியார் உவமையாக்குகிறது. கேட்டவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். நமக்கு உரையாசிரியர் தேவைப்படுகிறார்.

பக்தி, தலவிருட்சமாக்கி மரத்தைக் காப்பாற்றியது என்பது பாதி உண்மை. கும்பிடத் தொடங்கியதும் பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்பது மறு பாதி. பின்வந்த செய்யுள்காரர்களுக்குத் தில்லை, 'எல்லை'க்கும் 'தொல்லை'க்கும் எதுகையாயிற்று. வஸ்து விலகிய பிறகும் சொல் நூற்றாண்டுக் கணக்கில் புழங்க முடியும். புழக்கத்தை உயிர் என்று நினைத்துவிடுகிறோம். இன்று கவிதையில் தில்லை என்று எழுதுகிறவன், எழுதுமுன் ஒருமுறை பிச்சாவரம் போய்வருவது நல்லது.