அந்தத் துணியை யார் துவைத்தது?

துணி டயப்பர் விற்கும் கம்பெனிகள் பலவும் ஒரே வாக்கியத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கின்றன: "இது நம் பாட்டி காலத்து வழி." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். எந்தப் பாட்டி? அந்தத் துணியை யார் துவைத்தது?

மகள் பிறந்தபோது இதை என் ஆயாவிடமே கேட்டேன். செவ்வாப்பேட்டையில் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். "பொறந்த கொழந்தைக்குப் புதுத்துணி ஆவாது. பழைய வேட்டியைக் கிழிச்சி, மூணு மூலையா மடிச்சிக் கட்டுவோம், அவ்ளோதான்" என்றார். சரி, துவைப்பது? "தீட்டு கழியிற வரைக்கும் நான் எங்க தொவைச்சேன்? ஏகாலி வூட்டுப் பொம்பளை வந்து அள்ளிக்கினு போவா." அவங்க பேர் என்ன என்று கேட்டேன். ஆயா ரொம்ப நேரம் யோசித்தார். "ஏகாலிச்சின்னுதான் கூப்புடுவோம்."

ஆறு பிரசவத்துக்கும் வந்து போன பெண்ணுக்குப் பெயர் நினைவில்லை. துணி டயப்பரின் தமிழ் வரலாறு எனக்கு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பிள்ளை பெற்ற வீட்டுத் துணி தீட்டுத் துணி. ரத்தமும் மலமும் பட்ட அதைத் தொடுவது வண்ணார் குடும்பத்துப் பெண்களின் வேலை என்று ஊர் வகுத்து வைத்திருந்தது. கூலி பெரும்பாலும் காசு அல்ல. அறுப்பின்போது களத்தில் கொஞ்சம் தானியம், பொழுது சாய்ந்தால் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறு. ஆனால் அந்த வேலைக்குள் ஒரு நுட்பமான அறிவு இருந்தது. துணியை உவர்மண் கரைசலில் ஊறவைத்து, பானை மேல் அடுக்கி, விடிய விடிய ஆவியில் வேகவைப்பார்கள். அதுதான் வெள்ளாவி. உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், இன்று நாம் பாக்கெட்டில் வாங்கும் சலவைச் சோடாவேதான். காரம் கறையை எடுக்கும், ஆவி கிருமியைக் கொல்லும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இதைத் தெரிந்து வைத்திருந்தவர்களை ஊர் திண்ணையில்கூட உட்காரவிடவில்லை.

இந்த ஏணிக்கு இன்னும் கீழே ஒரு படி உண்டு. தலித் மக்களின் துணியை ஊர் வண்ணார் எடுக்கமாட்டார். அதற்கென்று புதிரை வண்ணார் என்று ஒரு சாதி. 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழில் வந்த செய்தி ஒன்றை அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார்: திருநெல்வேலிப் பக்கத்தில் இவர்கள் 'பார்க்கத் தகாதவர்கள்'. பகலில் வெளியே வரக்கூடாது, இரவில்தான் வேலை. 1994-இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலின் நாயகி ஆரோக்கியம் இந்தச் சமூகத்துப் பெண். நம் பாட்டிகளின் கதையில் பெயரில்லாமல் போன பெண்ணுக்கு அந்த நாவலில்தான் ஒரு பெயர் கிடைக்கிறது. தமிழக அரசு புதிரை வண்ணாருக்கென நல வாரியம் அமைத்தது 2009-இல்.

சாதி இப்படி ஆள் ஒதுக்கிக் கொடுக்காத நாடுகளில் என்ன நடந்தது? அங்கே வேலை பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழுந்தது. அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற தாய், ஈரத்துணியும் படுக்கை விரிப்பும் துவைத்து அலுத்துப் போனார். 1946-இல் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, துணிக்கு மேலே போடும் நீர் கசியாத உறை ஒன்றைச் செய்தார். இன்றைய துணி டயப்பரின் வெளியுறைக்கு அது மூதாதை. அடுத்த பத்தாண்டில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் வேதியியல் பொறியாளர் விக்டர் மில்ஸ் தலைமையில் தூக்கியெறியும் டயப்பருக்கான ஆராய்ச்சி நடந்தது. 1961-இல் பாம்பர்ஸ் வந்தது. 1980-களில் ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக்கும் பாலிமர் உள்ளே சேர, டயப்பர் மெலிந்தது. 1990-களில் பெரிய பிராண்டுகள் இந்தியாவுக்கு வந்தன. இன்று செவ்வாப்பேட்டைக் கடைகளிலும் அவை ஷாம்பு பாக்கெட் போலச் சரம் சரமாகத் தொங்குகின்றன.

துவைக்கும் வேலை ஒழிந்ததா? இடம் மாறியது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்கச் சொல்லின, அதற்கான உறையைத் தயாரிப்பாளர்களே தரச் சொல்லின. எத்தனை வீட்டில் நடக்கிறது? கலந்து போட்ட குப்பையைக் கையால் பிரிப்பது தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதியினர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஏணி அப்படியேதான் நிற்கிறது, துணிக்குப் பதில் பிளாஸ்டிக்.

அதனால்தான் நான் துணிக்கு வந்தேன், பாட்டி காலத்துக்குத் திரும்ப அல்ல. இந்தத் தடவை அசிங்கம் வீட்டுக்குள்ளேயே முடியட்டும் என்று.

தொடங்க நினைப்பவர்களுக்கு: பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். தினமும் துவைப்பதாக இருந்தால் இரண்டு டஜன் பழைய பருத்தித் துணி போதும். வெளியே போகவும் இரவுக்கும் உறை வைத்த டயப்பர் நாலைந்து. எடுத்த எடுப்பில் முழு செட் வாங்காதீர்கள், ஒன்றிரண்டு போட்டுப் பாருங்கள். உள்ளே வைக்கும் புதுப் பருத்திப் பட்டையை நாலைந்து முறை துவைத்த பிறகே அது நன்றாக உறிஞ்சும். மலத்தைக் கழிவறையில் உதறிவிட்டு, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு. துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், உறிஞ்சும் தன்மை போய்விடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு கொஞ்சம் கூடுதல், அலசலும் ஒன்று கூடுதல். ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தடித்த பட்டை காயாது. மெல்லிய துணியை மடித்து வைப்பதே நல்லது.

சுற்றுச்சூழல் கணக்கும் முடிவில் துவைப்பதில்தான் வந்து நிற்கிறது. 2008-இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டரை ஆண்டுக்குத் தூக்கியெறியும் டயப்பரின் கார்பன் அளவு சுமார் 550 கிலோ, துணியின் அளவு 570. துணிதான் கூடுதல்! ஆனால் மெஷின் நிறையப் போட்டு, கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறைகிறது. அவர்கள் சிரமப்பட்டுத் தேடும் வெயில் நம் மொட்டை மாடியில் சும்மா கிடக்கிறது.

ஆக, கடைக்குப் போகுமுன் எந்த பிராண்ட் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்து ஒன்றைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: யார் துவைப்பது? "அம்மா பாத்துப்பாங்க", "வேலைக்கார அக்கா செய்வாங்க" என்று பதில் வந்தால் அதுவும் பாட்டி காலத்து வழியேதான், ஆள் மட்டும் வேறு. எங்கள் வீட்டில் காலைத் துவையல் அவருடையது, இரவு அலசல் என்னுடையது. சண்டை வராமல் இல்லை. ஆனால் துவைப்பவருக்கு இங்கே பெயர் இருக்கிறது.