சனநெருக்கமும் நகரப் புகையும்

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தரித்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிடங்கள் வாழ்தலும் அரிது. ஐம்பூதங்களுள் ஒன்றென நம் முன்னோர் போற்றிய காற்று பட்டினங்களிலே நஞ்சாவது ஏன்? “சனம் பெருகினால் காற்றுக் கெடும், அதற்கு யார் என்ன செய்யலாம்?” என்று பலர் சொல்லக் கேட்கின்றோம். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை இலண்டன் மாநகரின் சரித்திரங் கொண்டு ஆராய்வோம்.

இலண்டனிலே நிலக்கரிப் புகை மிகப் பழைய முறைப்பாடு. கப்பல் வழியே வந்திறங்கிய அக்கரியை எரித்தலாகாதென்று முதலாம் எட்வர்ட் மன்னன் 1307ஆம் ஆண்டளவிலேயே தடை விதித்தான். ஆயினும் நகரம் பெருகப் பெருக விறகு அரிதாயிற்று. மன்னன் கட்டளையும் மறக்கப்பட்டது. 1661இல் ஜோன் ஈவ்லின் என்னும் அறிஞர் அப்புகையின் கொடுமையை விளக்கி ஒரு நூல் எழுதி, இரண்டாம் சார்ல்ஸ் மன்னனுக்குச் சமர்ப்பித்தார்.

அடுத்த ஆண்டிலே மற்றொரு நூல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஜோன் கிராண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர், சாதாரண வியாபாரி. வாரந்தோறும் வெளியான மரணப் பட்டியல்களைச் சேர்த்துக் கணக்கிட்ட அவர், நாம் மேலே கேட்ட வினாவையே எழுப்பினார். நகரின் சுகக்கேட்டுக்குச் சனப்பெருக்கம் ஒரு காரணமே. ஆனால் அறுபது ஆண்டுகளுக்குள் எங்கும் பரவிவிட்ட நிலக்கரி எரிப்பே முதன்மையான காரணம் என்பது அவர் கண்ட விடை. அவ்விரண்டையும் அவர் பிரித்துக் கண்டமை வியக்கத்தக்கதன்றோ?

எனினும் அவ்விடையை ஏற்க மூன்று நூற்றாண்டுகள் சென்றன. 1952 டிசம்பர் 5ஆம் திகதி, குளிர்ந்த காற்று நிலத்தோடு படிய, அதன்மேல் சூடான காற்று மூடிபோற் கவிந்தது. இலட்சக்கணக்கான வீட்டு அடுப்புகளினதும் மின்னிலையங்களினதும் புகை மேலே போக வழியின்றி ஐந்து நாட்கள் தெருக்களிலே தேங்கி நின்றது. பஸ் வண்டிகளுக்கு முன்னே ஆட்கள் விளக்கேந்தி நடந்து வழிகாட்டினர். ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆராய்ச்சி அத்தொகை 12,000 வரை செல்லலாம் என்கின்றது. முதியோரும் சிசுக்களுமே பெரிதும் மாண்டனர்.

இதன் பயனாக 1956இல் பாராளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. புகை தவிர்க்கப்பட்ட பகுதிகள் வகுக்கப்பட்டன; அடுப்பை மாற்றும் குடும்பங்களுக்குப் பணவுதவியும் கிடைத்தது. மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1962இலும் கொடும்புகை ஒருமுறை சூழ்ந்தது. ஆயினும் நிலக்கரிப் புகை படிப்படியாக ஒழிந்தது. 1951இல் இலண்டனில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 82 இலட்சம். 2021இல் 88 இலட்சம். 1951ஐ விடச் சனம் குறைந்துவிடவில்லை, எரித்த பொருளே மாறியது. இன்று அந்நகரை வருத்துவது வாகனப் புகையாகும். அதுவும் எரிபொருளின் குற்றமே.

அப்படியாயின் சனநெருக்கத்துக்குப் பங்கில்லையா? உண்டு. நெருக்கம் புகையைப் பிறப்பிப்பதில்லை. அதன் தீமையைப் பெருக்குகின்றது. எமது கரையோரத்தையே பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்கள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அகன்ற வளவுகள் இருந்த காலத்திலே, ஒருவர் கொளுத்திய சருகின் புகை அயல்வீட்டை அடையுமுன் பெரும்பாலும் கலைந்துவிடும். இன்று ஒருவர் கொளுத்தும் பிளாஸ்டிக் பையின் புகை நேரே அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குச் செல்கின்றது. தீ ஒன்றே, அதைச் சுவாசிப்போர் பலர். பகலிலே கடற்காற்று எம்மைக் காக்கின்றது. காற்றடங்கிய இரவிலோ, இலண்டனிற் போலப் புகை தாழ்ந்தே நிற்கும். அப்புகையிலுள்ள நுண்துணிக்கைகள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கிலுஞ் சிறியன. நெஞ்சறையின் அடிவரை செல்ல வல்லன.

எமது நாடும் இவ்விடயத்திற் சில நற்கருமங்களைச் செய்துள்ளது. 2002இல் ஈயங் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. ஆயினும் காற்றுக்கு எல்லையில்லை. 2022 டிசம்பரில், வங்கக் கடலிலே புயல் எழுந்த வேளை, இந்தியப் பக்கமிருந்து மாசு நிறைந்த காற்று இலங்கைமேற் படர்ந்தது. 9ஆம் திகதி அரசாங்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. தூரத்துப் புகையை நாம் தடுக்க இயலாதிருக்கலாம். எம் வாசலிற் கொளுத்தும் புகையைத் தடுக்க இயலாதா?

நெருங்கி வாழ்தலில் ஒரு நன்மையும் உண்டு. குப்பை வண்டி ஒரு தெருவிலே நூறு வீடுகளுக்கு உதவும். ஒரு பஸ் வண்டி ஐம்பது மோட்டார் சைக்கிள்களின் புகையைத் தவிர்க்கும். ஆகவே நெருக்கம் எமது பகையன்று, கவலையீனமே பகை. வினாயகபுரத்தில் இன்னும் வளவும் மரநிழலும் உண்டு. ஊர் நெருங்குமுன்னரே நல்வழக்கத்தைத் தொடங்குதல் எளிது. பிளாஸ்டிக்கைக் கொளுத்தாது சேர்த்துக் கொடுப்போம், சருகை எருவாக்குவோம். மூத்தோர் வழிகாட்ட, இளைஞராகிய நாம் எமது வாசலிலிருந்தே இப்பணியைத் தொடங்குவோமாக.